டைப்-சி மட்டும் போதுமா? லேப்டாப்பில் எந்த போர்ட் இருந்தே ஆக வேண்டும்

வாசகர் கேள்வி, ஜூன் 8, 2025

அண்ணா, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் போகிறேன். ஒரு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். நல்ல மெலிசு. இரண்டு டைப்-சி, ஒரு ஹெட்போன் ஜாக், அவ்வளவுதான். அப்பா பார்த்துவிட்டு "பென் டிரைவை எங்கேடா சொருகுவ?" என்கிறார். என் வாதம் இது: டைப்-சி தவிர மற்ற போர்ட் எல்லாம் இடத்தை அடைக்கிற பழைய சாமான். தேவைப்பட்டால், ஒரு துளையைப் பல போர்ட்டாகப் பிரிக்கிற ஹப் ஒன்று வாங்கினால் முடிந்தது. சரிதானே?

ஜூன் 8, இரவு 10.15

பாதி சரி தம்பி. ஆனால் உங்கள் வாதத்தைவிட அப்பாவின் கேள்வி கூர்மையானது.

உங்களுடைய பொருளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு டைப்-சி தாராளம். போன் டைப்-சி, சார்ஜர் டைப்-சி, நாளைக்கு ஹார்டு டிஸ்க் வாங்கினாலும் டைப்-சி கேபிளோடுதான் வாங்குவீர்கள். சிக்கல் அடுத்தவர் பொருளில் வருகிறது. செமினார் ஹால் மேஜையில் கிடக்கும், புரொஜெக்டருக்குப் போகிற எச்டிஎம்ஐ கேபிள் உங்களுடையது இல்லை. ரிவ்யூவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நீட்டும் பென் டிரைவ் உங்களுடையது இல்லை. நெட் படுத்துக்கொண்ட நாளில் ஜெராக்ஸ் கடைக்காரர் "பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்துருங்க" என்பார். அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பது பழைய அகல யுஎஸ்பிதான். அதையெல்லாம் உங்களால் மாற்ற முடியாது. உங்கள் லேப்டாப்தான் அனுசரித்துப் போக வேண்டும்.

அதனால் என் பட்டியல்: ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யுஎஸ்பி-ஏ (அந்தப் பழைய அகல யுஎஸ்பி), இரண்டு பக்கமும் ஒவ்வொரு டைப்-சி, ஒரு ஹெட்போன் ஜாக். லேன் (நெட்வொர்க் கேபிள் போர்ட்), மெமரி கார்டு, விஜிஏ (பழைய புரொஜெக்டர் போர்ட்) எல்லாம் தேவைப்படுகிறவர் பையில் கன்வர்ட்டராக இருந்தால் போதும்.

நான் கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்களுக்கும் ஏற்றுமதி ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க், கேமரா போடுகிறவன். லேன் போர்ட் வேண்டாம் என்று நானே சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 9, காலை

"ஆப்பிள் 2016-லேயே எல்லாவற்றையும் தூக்கிவிட்டது, உலகம் இடிந்தா போச்சு?" என்று ஒருவர்.

இடியவில்லை. ஆனால் கதையை முழுசாகச் சொல்லுங்கள். 2016 அக்டோபரில் வந்த மேக்புக் புரோவில் டைப்-சி வடிவத் தண்டர்போல்ட் (அதே துளையில் ஓடும் அதிவேக இணைப்பு), ஹெட்போன் ஜாக், அவ்வளவுதான். எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, காந்த சார்ஜர் மூன்றும் போயின. கூச்சல் கிளம்பியதும் அடுத்த மாதமே கன்வர்ட்டர் விலையைக் குறைத்தார்கள். யுஎஸ்பி கன்வர்ட்டர் 19 டாலரிலிருந்து 9 டாலருக்கு இறங்கியது. 2021 அக்டோபரில் 14, 16 அங்குல மாடல்கள் வந்தபோது போன மூன்றும் திரும்பி வந்துவிட்டன. காந்த சார்ஜர் புது வடிவத்தில் வந்தது.

யுஎஸ்பி-ஏ மட்டும் வரவில்லை. என் பட்டியலுக்கு எதிரான சாட்சி இது, மறைத்துப் பயனில்லை. புரொஜெக்டர் கேபிளுக்குக் கொடுத்த மரியாதையைப் பென் டிரைவுக்குக் கொடுக்கவில்லை. அந்த மாடலை வாங்குகிற வீடியோ எடிட்டரையும் போட்டோகிராபரையும் மீட்டிங் ரூமையும் மனதில் வைத்து முடிவு செய்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை அவர்கள் கண்ணில் படவில்லை. நமக்கு அது தெரு முனையில் இருக்கிறது.

ஜூன் 9, மாலை

மதுரையிலிருந்து கல்யாண போட்டோகிராபர் ஒருவர் மடக்கிவிட்டார்: "கேமரா என்னுடைய பொருள்தானே? அப்படியானால் எஸ்டி கார்டு போர்ட் வேண்டாம் என்கிறீர்களா?"

நியாயம். கேமரா அவருடையது, ஆனால் அதில் எந்த கார்டு போக வேண்டும் என்று முடிவு செய்வது கேமரா கம்பெனி. ஆகவே நேற்று உங்கள் பொருள், அடுத்தவர் பொருள் என்று பிரித்ததைக் கொஞ்சம் தள்ளிப் பிரிக்கிறேன். யாருடைய பொருள் என்பதைவிட, யாரால் மாற்ற முடியும் என்பதுதான் கேள்வி.

அப்படியும் அவருக்கு நான் சொல்வது தனி கார்டு ரீடர்தான். எஸ்டி கார்டில் யுஎச்எஸ்-1 வகையின் உச்ச வேகம் விநாடிக்கு 104 மெகாபைட், யுஎச்எஸ்-2 வகையில் 312. நடுத்தர விலை லேப்டாப்பில் ஸ்லாட் இருந்தாலும் பெரும்பாலும் முதல் வகை, சிலவற்றில் மைக்ரோ எஸ்டி மட்டும். 64 ஜிபி கார்டை நிஜத்தில் விநாடிக்கு 90 மெகாபைட் வேகத்தில் இறக்கினால் சுமார் 12 நிமிஷம். நல்ல ரீடரில் 250 வந்தால் நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. முகூர்த்தம் முடிந்து வரவேற்புக்குள் ஆல்பம் கேட்கிற வீட்டில் அந்த எட்டு நிமிஷம் பெரிசு. மெதுவான ஸ்லாட்டை உடம்பிலேயே வைத்துக் கொடுத்துவிட்டு அதையும் விளம்பரத்தில் போடுகிறார்கள்.

ஜூன் 11

யுஎஸ்பி-ஏ எப்போதும் மூன்றாவது தடவைதான் நுழையும் என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். உண்மைதான். யுஎஸ்பியை உருவாக்கியவர்களில் முக்கியமான அஜய் பட், வதோதராக்காரர், இன்டெலில் இருந்தவர். இரு பக்கமும் நுழைகிற மாதிரி செய்திருந்தால் கம்பியும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும் என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார். 1996-இல் விலை ஏறியிருந்தால் ஒருவரும் சீந்தியிருக்க மாட்டார்கள். இருட்டில் தடவிச் செருகும்போது மட்டும் அவரை மன்னிக்க முடியவில்லை.

ஜூன் 13

ஈரோட்டிலிருந்து ஒரு ஆடிட்டர் மேடம் எழுதியிருக்கிறார். அவர் ஆபீசில் பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கொத்தாகத் தொங்குகிறதாம், ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒன்று. கம்பெனிக் கணக்குத் தாக்கல், ஜிஎஸ்டி, இ-டெண்டர், எல்லாவற்றுக்கும் அதைச் செருக வேண்டும். அத்தனையும் யுஎஸ்பி-ஏ. புது லேப்டாப்பில் டைப்-சி மட்டும் இருந்ததால் ஹப் வாங்கினாராம். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் டோக்கன் காணாமல் போகிறதாம்.

நான் போகிற ஆபீஸ்களிலும் இதே காட்சிதான். டோக்கன் போக, ஆதார் சரிபார்க்கும் கைரேகைக் கருவி, பில் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர். எல்லாமே ஏ. இவர்கள் யாரும் டைப்-சி வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இல்லை. டோக்கனின் காலக்கெடு முடியும்வரை அதுதான் கையெழுத்து, பிரிண்டர் உடையும்வரை அதுதான் பிரிண்டர். டாட் மேட்ரிக்ஸ் உடையவே உடையாது என்பது வேறு விஷயம்.

தம்பி, "பழைய சாமான்" என்று எழுதினீர்களே, கணக்கு முடிக்கிற செப்டம்பரில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போய் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்.

டோக்கன் காணாமல் போவதற்கு ஒரு காரணம் சந்தேகிக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 16

லேன் போர்ட்.

புது நெட்வொர்க் ஸ்விட்சோ (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஐபி கேமராவோ பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை அதற்கு ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், கொடுப்பது. அதற்கு லேப்டாப்பில் 192.168.1.50 என்கிற மாதிரி ஒன்றைக் கையால் போட்டு, கேபிளை நேராகச் செருகி, பிரவுசரில் திறக்க வேண்டும். வைஃபை அங்கே இன்னும் பிறக்கவில்லை, அதைப் பிறக்க வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு லேன் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

பழைய லேப்டாப்பில் போர்ட் உடம்பிலேயே இருந்தது. இப்போது இருப்பதில் இல்லை. யுஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்றைப் பையில் நிரந்தரமாகப் போட்டுவிட்டேன். மாறும்போது பயந்தேன், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. யுஎஸ்பி 3.0-இன் வேகம் 5 கிகாபிட், கன்வர்ட்டருக்கு வேண்டியது ஒரு கிகாபிட்தான், முழு வேகமும் கிடைக்கிறது. 2.5 கிகாபிட் கன்வர்ட்டர்கூட இப்போது கிடைக்கிறது. லேப்டாப் உடம்பில் இருந்திருந்தால் பழைய ஒரு கிகாபிட்டோடு நின்றிருப்பேன்.

இடைஞ்சல் இல்லாமல் இல்லை. ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையில் லேப்டாப், கேமராவிலிருந்து வரும் கேபிள், நடுவில் ஊசலாடும் கன்வர்ட்டர். உடம்பில் இருக்கிற போர்ட் என்றால் கிளிப் "டக்" என்று பிடித்துக்கொள்ளும். கன்வர்ட்டரின் யுஎஸ்பி பக்கத்தில் பிடிமானம் கிடையாது, லேசாக இழுத்தாலே கழன்றுவிடும். நெட்வொர்க் வழியாக பூட் செய்து விண்டோஸ் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: கன்வர்ட்டரை அந்த லேப்டாப்பின் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மென்பொருள்) அடையாளம் கண்டால்தான் உண்டு.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? உயரம். லேன் பிளக் கிளிப்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். மெலிசான லேப்டாப்பில் அதற்கு இடம் இல்லாமல் முதலை வாய் மாதிரி திறக்கும் போர்ட் ஒன்றை வைக்கிறார்கள். திறந்த வாயில் கேபிளை விட்டுவிட்டு யாராவது தட்டினால் கீழ்த்தாடை போச்சு. போனதைப் பார்த்திருக்கிறேன். என் வேலை பார்க்கிறவன் எப்படியும் கிரிம்பர், டெஸ்டர் என்று ஒரு பை நிறையச் சுமக்கிறான், அதில் கன்வர்ட்டர் ஒரு சுமையா? மாணவருக்கும் ஆசிரியருக்கும் அந்த ஓட்டை தூசி பிடிக்கத்தான் இருக்கும்.

யுஎஸ்பி-ஏக்கு இந்த உயரச் சாக்கு செல்லாது. அதன் பிளக் நாலரை மில்லிமீட்டர், டைப்-சி சுமார் இரண்டரை. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். மிகமிக மெலிசான ஒன்றிரண்டு மாடல்களைத் தவிர, மற்றவர்கள் "இடம் இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஜூன் 17

ஒன்பது பின் சீரியல் போர்ட்டை விட்டுவிட்டேன் என்று என் இனத்தவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். விடவில்லை. மில் மெஷினை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்கும் பழைய ஸ்விட்ச் கன்சோலுக்கும் இன்றும் அதுதான். யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கும்போது சிப் அசலா என்று பாருங்கள். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ கம்பெனி விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், தன் சிப்பின் போலிகளுக்குள் இருந்த அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. விலை மலிவு என்று வாங்கி வைத்திருந்தவர்களின் கேபிள் ஒரே நாளில் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. எதிர்ப்பு கிளம்பி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள்.

ஜூன் 22

எந்த போர்ட் இருக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். எது முதலில் சாகும் என்று யாரும் கேட்கவில்லை. சார்ஜ் ஏற்றுகிற போர்ட்தான் முதலில் சாகும். தினமும் செருகி உருவுவது அதைத்தான், ஒயர் காலில் தட்டி இழுபடுவதும் அதுதான்.

பழைய உருண்டைப் பின் ஜாக், பல மாடல்களில் சின்ன ஒயரோடு தனியாக இருக்கும். ஆடிப்போனால் கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி, உருவிப் போட்டுவிட்டு, புதிது மாட்டி அனுப்பிவிடுவார். டைப்-சி பெரும்பாலும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அந்தத் துளைக்குள் 24 தொடுமுனைகள். சாதாரண சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே போக முடியாது.

என் மனைவியின் லேப்டாப்பில் இது நடந்தது. கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். லேப்டாப் விலையில் பாதிக்கு மேல். காந்திபுரத்தில் ஒரு சந்துக் கடையில், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே பேசுகிற பையன் ஒருவன், போர்ட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைத்துக் கொடுத்தான். இன்றைக்கும் ஓடுகிறது.

அதனால்தான் முதல் நாளே இரண்டு பக்கமும் டைப்-சி என்றேன், அன்று காரணம் சொல்லவில்லை. சார்ஜ், டிஸ்பிளே, டேட்டா மூன்றும் ஒரே துளை என்றால் அது போகிற நாளில் மூன்றும் போகும். இரண்டு இருந்தால், இரண்டிலும் சார்ஜ் ஏறினால், ஒன்று செத்தாலும் சமாளிக்கலாம். ரயிலில் பிளக் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒயர் குறுக்கே வராது என்பது கூடுதல் லாபம். சில கம்பெனிகள் டைப்-சியைத் தனியாகச் சின்ன போர்டில் வைத்து ஒயரால் இணைக்கிறார்கள். வாங்கும் முன் அந்த மாடலைப் பிரித்துக் காட்டுகிற வீடியோ ஒன்றைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

ஜூன் 23

"டைப்-சி பத்தாயிரம் தடவை தாங்கும், யுஎஸ்பி-ஏ ஆயிரத்து ஐநூறுதான். நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்" என்று ஒருவர்.

எண்கள் சரி, இரண்டும் தரநிர்ணயத்தில் இருப்பவை. ஆனால் அது நேராகச் செருகி நேராக உருவுவதற்கான கணக்கு. குழந்தை ஒயரில் தடுக்கி விழுந்து பக்கவாட்டில் நெம்புவதற்குப் பத்தாயிரம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆப்பிள் 2006-இல் காந்த சார்ஜரைக் கொண்டுவந்ததே அந்தத் தடுக்கலுக்காகத்தான்.

பிரேம்வொர்க் என்ற அமெரிக்கக் கம்பெனி 2021-இல் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. லேப்டாப் ஓரத்தில் பள்ளங்கள், அவற்றில் நமக்கு வேண்டிய கார்டைத் தள்ளிக்கொள்ளலாம்: யுஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, மைக்ரோ எஸ்டி, பிறகு லேன்கூட வந்தது. கார்டுக்கு உள்பக்கம் எல்லாம் டைப்-சிதான். தேய்வது, உடைவது எல்லாம் கார்டின் தலையில். இந்த இழையில் நடக்கிற சண்டைக்கு ஒருவன் மெனக்கெட்டு விடை கண்டுபிடித்திருக்கிறான், நாம் மட்டும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 2

"ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது, இனி டைப்-சி மட்டும்தான்" என்று மூன்று பேர் வெவ்வேறு வார்த்தைகளில்.

அந்தச் சட்டம் சார்ஜ் பற்றியது. போன், டேப்லெட் போன்றவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதல் அமலில் இருக்கிறது, லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். எச்டிஎம்ஐயை எடு என்றோ யுஎஸ்பி-ஏயை அடை என்றோ அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

சார்ஜ் விஷயத்தில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. வீட்டில் அலமாரி முழுக்கப் பொருந்தாத உருண்டைப் பின் சார்ஜர்கள். அதற்கு ஒரு முடிவு வரட்டும்.

ஆனால் "டைப்-சி" என்பது ஓட்டையின் வடிவம் மட்டும். உள்ளே என்ன ஓடுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி, ஏன், ஒரே லேப்டாப்பில் இடது வலதுக்கே மாறும். ஒன்று சார்ஜ் ஏற்றும், படம் காட்டாது. இன்னொன்று டேட்டா மட்டும் கொடுக்கும். வேகப் பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: 2008-இல் யுஎஸ்பி 3.0 என்று வந்த அதே 5 கிகாபிட், பிறகு 3.1 ஜென் 1, அதற்குப் பிறகு 3.2 ஜென் 1. ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் வைத்து மூன்று தடவை தொட்டிலில் போட்டிருக்கிறார்கள்.

கேபிளும் அப்படியே. 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள் அடையாளச் சிப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜர் வாங்கினாலும் 60 வாட்டோடு நிற்கும். 2019-இல் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் இதற்கு நேர்மாறான கூத்து நடந்தது. டைப்-சி சர்க்யூட்டில் இரண்டுக்குப் பதில் ஒரே ரெசிஸ்டரை வைத்துவிட்டார்கள். சிப் உள்ள நல்ல கேபிளைப் போட்டால் சார்ஜர் அந்த போர்டை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு கரண்ட் கொடுக்க மறுத்தது. மலிவுக் கேபிளில் ஓடியது! பிறகு திருத்தி வெளியிட்டார்கள்.

ஜூலை 3

"ஹப் வாங்கினால் முடிந்தது" என்ற வரிக்கு வருகிறேன். நேற்றே வந்திருக்க வேண்டும், ராஸ்பெரி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஹப்பில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால் போதாது. டைப்-சிக்குள் வேகமான டேட்டாவுக்கு நான்கு பாதைகள். சாதாரண ஹப் அவற்றில் இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பிக்கும் பிரிக்கும். லேப்டாப் படத்தை அனுப்பும் முறை பழைய டிஸ்பிளேபோர்ட் 1.2 என்றால், இரண்டு பாதையில் 4கே படம் விநாடிக்கு 30 தடவைதான் வரும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்வது கண்ணுக்கே தெரியும். 60 வேண்டும் என்றால் நான்கையும் படத்துக்குக் கொடுத்துவிட்டு யுஎஸ்பியை 2.0 வேகத்துக்கு, அதாவது 480 மெகாபிட்டுக்கு, இறக்க வேண்டும். 1.4 உள்ள லேப்டாப்பும் அதற்கேற்ற ஹப்பும் சேர்ந்தால் இரண்டு பாதையிலேயே 60 வந்துவிடும். பெட்டிமேல் "4கே" என்று மட்டும் எழுதியிருந்தால் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ என்பது வெறும் கம்பி இல்லை. உள்ளே ஒரு சிப் டிஸ்பிளேபோர்ட்டை எச்டிஎம்ஐயாக மொழிபெயர்க்கிறது. எச்டிஎம்ஐயே நேராக டைப்-சியில் ஓடும் முறை ஒன்றை 2016-இல் அறிவித்தார்கள், அது சந்தையில் பிடிக்கவில்லை. சிப் சூடாகும், சில புரொஜெக்டரோடு பேச மறுக்கும். வைவா அன்றைக்குத்தான் மறுக்கும். உடம்பிலேயே எச்டிஎம்ஐ இருந்தால் பிரச்சினை வரவே வராது என்று சொல்லவில்லை. சந்தேகப்பட வேண்டிய பொருள்களில் ஒன்று குறைகிறது.

ஜூலை 9

விஜிஏவுக்காக ஒரு பேராசிரியர் வாதாடியிருக்கிறார். அவர் கல்லூரியில் பாதி வகுப்பறைக்கு அதுதானாம்.

நம்புகிறேன். ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்தது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி எல்லோரும் சேர்ந்து 2015-க்குள் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். அப்படியும் ஏன் சாகவில்லை? புரொஜெக்டரை மாற்றிவிடலாம், கேபிளை மாற்ற முடியாது. கட்டடம் கட்டும்போதே சுவருக்குள் பைப் வழியாக மேஜையிலிருந்து கூரைவரை இழுத்து, மேலே பூசிவிட்டார்கள். புது புரொஜெக்டர் வாங்கும்போதும் "அந்த கேபிளுக்குப் பொருந்துகிறதா" என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எத்தனையோ ஹாலில் அந்தப் பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டுப் பார்த்திருக்கிறேன். வளைவில் சிமென்ட் அடைத்துக்கொண்டு எச்டிஎம்ஐ பிளக் போகவே போகாது.

ஜப்பானில் பானாசோனிக் லெட்ஸ் நோட் லேப்டாப்புகளில் இந்தப் பத்தாண்டிலும் விஜிஏ, லேன் இரண்டும் வைத்து விற்றார்கள், அதுவும் ஒரு கிலோ அளவு எடைக்குள். அதனால் முடியாது என்று இல்லை. வாங்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தீர்ப்பு இதில் மாறவில்லை: எச்டிஎம்ஐ இருந்தால் போதும், விஜிஏ கன்வர்ட்டரை அந்த ஹாலிலேயே கேபிள் நுனியில் கட்டிப்போடட்டும். வாங்க வேண்டியது கல்லூரி. ஒவ்வொரு மாணவனும் ஏன் சுமக்க வேண்டும்?

ஜூலை 20

ஹெட்போன் ஜாக் எதற்கு, புளூடூத் இருக்கிறதே என்று கேள்வி. ஆன்லைன் இன்டர்வியூவில் புளூடூத் மைக்கை ஆன் செய்து பாருங்கள். பெரும்பாலான செட்டில் அந்த நிமிஷமே சத்தம் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும், பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேறு முறை என்று மாறுகிறது. ஒயர் ஹெட்போனுக்கு அந்தக் குழப்பம் இல்லை, சார்ஜும் தீராது. மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், வயர்லெஸ் மவுஸ் அடிக்கடி திக்குகிறது என்று எழுதியவருக்கு: அதன் குட்டி ரிசீவரை நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில், ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறீர்களா? 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெலே 2012-இல் ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில். எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வையுங்கள். கடைசியில் பார்த்தால் பல வீடுகளில் யுஎஸ்பி-ஏயின் நிரந்தரக் குடித்தனக்காரர் இந்த ரிசீவர்தான்.

ஆகஸ்ட் 3

தம்பி வாங்கிவிட்டாராம். இரண்டு யுஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, ஹெட்போன், ஒரே ஒரு டைப்-சி. கூட வந்தது உருண்டைப் பின் சார்ஜர். நான் சொன்ன இரண்டு பக்க டைப்-சி அந்த விலையில் கிடைக்கவில்லையாம். கிடைக்காது. 50,000 ரூபாய்க்குக் கீழே போர்ட் நிறைய இருக்கும், டைப்-சி ஒன்று இருக்கும். மேலே போகப் போக போர்ட் குறையும், டைப்-சி கூடும். பணம் அதிகம் கொடுத்தால் ஓட்டை குறைவாகக் கிடைக்கிறது.

நண்பரின் 65 வாட் டைப்-சி சார்ஜரை வாங்கி அந்த ஒற்றை போர்ட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஸ்பெக் பக்கத்தில் "பவர் டெலிவரி" என்று இருக்கிறதா, போர்ட் பக்கத்தில் பேட்டரிச் சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறுகிறது என்றால் உருண்டைப் பின் விடுதி மேஜையில் இருக்கட்டும், டைப்-சி சார்ஜர் கல்லூரிப் பையில். தேய்மானம் இரண்டு போர்ட்டுக்கும் பிரிந்துவிடும். அந்த வகையில் நான் போட்ட பட்டியலைவிட உங்களுக்கு அமைந்தது ஒரு விதத்தில் மேல்.

ஆகஸ்ட் 5

ஆடிட்டர் மேடத்துக்கு. வேறு ஒரு ஆபீசில் அதே தொல்லையைப் பார்த்தேன். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, சும்மா இருக்கிற யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கிறது. டோக்கனை எழுப்பும்போது ஹப் முரண்டு பிடிக்கிறது. பவர் ஆப்ஷன்ஸுக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், யுஎஸ்பி செட்டிங்ஸில் "செலக்டிவ் சஸ்பெண்ட்" என்பதை டிசேபிள் செய்யுங்கள். சில லேப்டாப்பில் அந்த வரி தெரியாது, அப்போது டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் உள்ள டிக்கை எடுங்கள். அந்த ஆபீசில் இதோடு சரியாகிவிட்டது.

அப்படியும் போனால் ஹப்பை ஒதுக்கிவிட்டு, ஒற்றை யுஎஸ்பி-ஏ கன்வர்ட்டரில் டோக்கனை நேராகச் செருகிப் பாருங்கள். புது டோக்கன் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் அதற்கு முன் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.